எண்பத்தேழாவது ஃபிரேம்

சின்னப்பாலத்தில் கரண்டு போகுமுன்
கையை வெட்டி முடிக்க வேண்டும்.

கை நம்புத்தாயுடையது.
நூற்று நாற்பத்து மூன்று ஃபிரேம்,
ஆறு நொடிக்குக் கொஞ்சம் குறைவு.
ஒரு பிடி மரிக்கொழுந்துப் பாசியோடு
நீரைப் பிளந்து மேலே வருகிறது,
ஐந்து விரலிலும் பழஞ்சேலைக் கிழிசல் சுற்றி.

சென்னையிலிருந்து அபினவ் எழுதியிருக்கிறார்:
ஷாட் அருமை. துணி மட்டும் வேண்டாம்.
முகப்பூச்சு விளம்பரம் பாருங்கள்,
கை க்ளீனாக இருக்கட்டும்.

மாஸ்க் போடுவது பெரிய வித்தையில்லை.
விளிம்பில் புள்ளி புள்ளியாக நட்டுக்கொண்டே போய்
தொடங்கிய புள்ளியில் வந்து மூடினால்
உள்ளே இருப்பது இருக்கும்,
வெளியே இருப்பது இல்லாமல் போகும்.
ஒரு டிக் வைத்தால் தலைகீழ்:
கை போய்விடும்,
கை அளவுக்கு ஓட்டை விழுந்த கடல் நிற்கும்.

கஷ்டம் அசைவில்தான்.
முதல் ஃபிரேமில் ஒரு கீ, பத்தாவதில் ஒரு கீ.
நடுவில் எட்டையும் இயந்திரமே ஊகித்துக்கொள்ளும்
நேர்கோட்டில்.
கச்சான் காற்றடிக்கிற மாதத்தில்
நேர்கோட்டில் வரும் கை எங்கே இருக்கிறது?
நீர் ஒரு பக்கம் தள்ள, பாறை ஒரு பக்கம் பிடிக்க,
மூச்சு முட்டி
நாலாவது ஃபிரேமில் மணிக்கட்டை வெடுக்கென்று திருப்புகிறாள்.
அங்கே ஒரு கீ.
அடுத்ததிலும்.
கடைசியில் ஃபிரேமுக்கு ஒன்று.

முப்பத்தொன்றில் ஒரு வடிவத்தை ஒட்டும்போது
முதல் புள்ளி எதுவென்று பார்க்காமல் விட்டேன்.
ஓடவிட்டால்
கட்டைவிரல் சுண்டுவிரலைத் தேடிப் போகிறது,
உள்ளங்கை முறுக்கிக்கொண்டு புறங்கையாகிறது,
வலையிலிருந்து உதறிய கணவாய் போல
திரை நடுவில் துடிக்கிறது.
இரண்டு மணி நேரம் போயிற்று அதற்கு.

துணியை எடுத்தாயிற்று.
எடுத்த இடத்தில் விரல் வேண்டுமே?
நீல வாளியில் தண்ணீர் பிடித்து
போனைச் சுவரில் சாய்த்து
என் கையை முக்கி எடுத்தேன், பதினேழு தடவை.
என் விரல்களை நறுக்கி
அவள் முட்டிகளின் மேல் பொருத்தினேன்.
ஃபெதர் பன்னிரண்டு. எக்ஸ்பான்ஷன் மைனஸ் இரண்டு.
ஒபாசிட்டி, நீர் மூடும்போது நாற்பதுக்கு இறங்கி
விலகும்போது நூறு.
நிறம் ஒத்துவரவில்லை, கறுக்க வைத்தேன்.
குருசடைத்தீவுப் பாறையை ஒருநாளும் தொடாத விரல்
ஒரு பிடி பாசியை
என்னமாய்ப் பிடித்திருக்கிறது பாருங்கள்.

பாசிக்குப் போகாத நாள்,
ரீசார்ஜ் பண்ண வந்தவளுக்குப் போட்டுக் காட்டினேன்.
குனிந்து பார்த்தாள்.
‘வெரலு யாருது?’
‘என்னோடதுதான்க்கா.’
‘அதான பாத்தேன். என் கை பத்தாவது பாஸ் பண்ணிருச்சு’
என்று சிரித்து இன்னொரு தடவை ஓட்டச் சொன்னாள்.
அப்புறம் தொழில் விசாரிக்கிற குரலில்,
‘துணி சுத்தாம எறங்குனா
தண்ணியில ரத்தம் கலங்கி வருமே,
அதையும் இதுல அழிக்கலாமா?’

அழிக்கலாம்க்கா,
அதற்குத் தனியாக ஒரு மாஸ்க்.

ஃபைல் முந்தின ராத்திரியே போய்விட்டது.
அபினவ் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்.
பணம் திங்கட்கிழமை என்றார், எந்தத் திங்கள் என்று சொல்லவில்லை.
மூன்றாவது தடவை ஓடும்போது
நம்புத்தாய் ‘நிறுத்து’ என்றாள்.
எண்பத்தேழு.
நீர் தெறிக்கும் இடத்தில்
என் கோடு ஒரு மயிரிழை நழுவி
பச்சைச் சேலையின் நூல் ஒன்று
மோதிரவிரல் ஓரமாய் எட்டிப் பார்த்தது.
ஒரே ஃபிரேம். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும்.
எடிட்டர் பார்க்கவில்லை, கம்பெனி பார்க்கவில்லை,
செய்த நானும் பார்க்கவில்லை.

‘அந்தா’ என்று திரையில் தொட்டுக் காட்டினாள்.

அவள் போனபின் கண்ணாடியில் ஒரு வெள்ளைத் தடம்.
துடைத்தேன்.
காய்ந்ததும் மறுபடி பூத்தது உப்பு.